விசிட் ஷூ

எங்கள் காலேஜில் இப்போது 'டெவலப்மென்ட் ஆபீஸ்' என்று ஒன்று இருக்கிறது. நான் வேலை பார்த்த காலத்தில் அந்த ஆபீஸுக்குப் பெயர் அந்தோணி. அதாவது நான். மேஜை கிடையாது, நாற்காலி கிடையாது, ஆபீஸே நடந்து போய்க்கொண்டிருக்கும். இப்போது ஒரு அறை நிறைய லேப்டாப், குளிருக்கு ஹீட்டர், சுவரில் ஓடுகிற பிள்ளைகளின் படம். அங்கே இருக்கும் ஷெரின் என்ற பெண் ஒரு நாள் போன் செய்து, "அண்ணே, ஸ்போர்ட்ஸுக்கு நிதி திரட்டுறதுல உங்க அனுபவத்தை எங்க டீமுக்கு வந்து சொல்லணும்ணே" என்றாள்.

எட்டாவதில் ஃபெயிலானவனைக் காலேஜில் பேசக் கூப்பிடுகிறார்கள் என்றால் விடுவேனா? அட்டுவம்பட்டியிலிருந்து சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு போனேன். ஜோக் சொன்ன வரைக்கும் நன்றாகச் சிரித்தார்கள். ஈஸ்வரி என்ற ஓட்டக்காரப் பிள்ளையின் பேச்சை எடுத்ததும் ஷெரின் கடிகாரத்தைப் பார்த்தாள். "டைம் ஆயிருச்சுண்ணே, டீ ஆறிரும்" என்று ஒரு சால்வையைப் போர்த்திவிட்டார்கள். சால்வை போட்டால் வாயை மூடு என்று அர்த்தம். எனக்குத் தெரியாதா, எத்தனை பேர் வாயை நானே அப்படி மூடியிருக்கிறேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். எழுதியது நான், ஒற்று போட்டது என் மகள்.

காலேஜுக்கு வருவதற்கு முன்னால் கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தேன். பயந்து நிற்கும் டூரிஸ்டிடம், "இது குதிரை இல்ல சார், நாலு கால் வச்ச சோபா" என்று சொல்லி ஏற்றிவிடுவேன். அதை ஒரு நாள் இஞ்ஞாசி ஃபாதர் நின்று பார்த்தார். அவர்தான் காலேஜின் செயலாளர். "ஏறமாட்டேன்னவரை ஏத்திட்டியே. குடுக்கமாட்டேன்கிறவரைக் குடுக்க வைப்பியா?" என்று கேட்டார். அடுத்த வாரமே நான் காலேஜ் கிரவுண்டில் அட்டெண்டர்.

முதலில் சுண்ணாம்புப் பொடியால் டிராக் கோடு போடும் வேலை. என் கோடு ஆற்றுத் தண்ணீர் மாதிரி வளைந்து போகும். அதன் மேல் ஓடிய பிள்ளைகள் எல்லோரும் நூறு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஓடினார்கள். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பி.டி. சார் ஃபாதரிடம் போய், "இவனைக் கிரவுண்டை விட்டு வெளியே அனுப்புங்க ஃபாதர், எங்கயாச்சும் போய் டொனேஷன் வாங்கிட்டு வரட்டும்" என்று கெஞ்சினார். உலகத்திலேயே கோடு கோணலாகப் போட்டதற்காகப் பிரமோஷன் வாங்கியவன் நான் ஒருவன்தான்.

நிதி கேட்கப் போவதில் ஒரு முறை இருக்கிறது. மழைக் காலத்தில் ஹோட்டல்காரர்களிடம் போகக்கூடாது. ரூமும் காலி, முகமும் காலி. சீசன் நடுவில் போனால் நம்மையும் ரூம் கேட்டு வந்தவன் என்று நினைத்துத் துரத்துவார்கள். சீசன் முடிந்து, கடைசி டூரிஸ்ட் வேனும் மலை இறங்கி, முதலாளி காலை நீட்டி உட்காரும் நாலைந்து நாள்தான் நமக்கு. மண்டிக்காரர்களிடம் கேரட் விலை ஏறியிருக்கும்போது வெள்ளனே போய்விட வேண்டும். பழைய மாணவர்களிடம் அவர்கள் மனைவி பக்கத்தில் இருக்கும்போது கேட்கவேண்டும், அப்போதுதான் கௌரவம் பார்ப்பார்கள்.

கொடுத்தவர் பெயரை எதிலாவது எழுதவேண்டும். ஹர்டில்ஸ் கட்டையில் எழுதினோம். பிள்ளைகள் தாண்டும்போது கால் தட்டும், யாராவது ஒரு ஹோட்டல்காரர் மல்லாக்க விழுவார். அவர்கள் பார்க்க வரும் அன்று மட்டும், நன்றாகத் தாண்டுகிற பிள்ளைகளை ஓடவிடுவோம்.

இதெல்லாம் சின்ன வித்தை. பெரிய வித்தை என்பது விசிட்.

யாருடைய தயவில் ஒரு பிள்ளை ஹாஸ்டலில் தங்கிப் பயிற்சி எடுக்கிறதோ, அவரிடம் அந்தப் பிள்ளையை வருடத்துக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்டவேண்டும். ஓடிக் காட்டுவதற்கு அல்ல. நின்று காட்டுவதற்கு. ஓட்டத்துக்கு பி.டி. சார் கோச், நிற்பதற்கு நான் கோச். டீ வந்ததும் பிள்ளை ஊர்ப் பெயரைச் சொல்லவேண்டும். பாதி டீயில் அப்பாவின் குடியோ அம்மாவின் நோயோ வரவேண்டும். கடைசி மடக்கில் கண் கலங்கவேண்டும். "அழுதுறாத தாயி, அழுதா அவருக்குச் சங்கடமாயிரும். கலங்கினா போதும்" என்று சொல்லிக்கொடுப்பேன். கப் கீழே வைக்கப்படும்போது நான் நிதிப் பேச்சை ஆரம்பிப்பேன். நல்லாவே நடந்துகொண்டிருந்தது. என் பிள்ளைகளில் சில பேர் ஓட்டத்தைவிட இதில் நல்ல டைமிங் காட்டினார்கள்.

இதற்கென்றே ஸ்போர்ட்ஸ் ரூம் அலமாரியில் ஒரு ஜோடி கிழிந்த ஷூ வைத்திருந்தேன். பெருவிரல் எட்டிப் பார்க்கும் ஷூ. அதற்கு விசிட் ஷூ என்று பெயர். பிள்ளைகளுக்கு பி.டி. சார் புது ஷூ வாங்கிக் கொடுத்திருப்பார், டோனர் வீட்டுக்குப் போகும்போது அதைக் கழற்றி வைத்துவிட்டு இதை மாட்டிக்கொண்டு வரவேண்டும். யார் காலுக்கும் சரியாக இருக்காது. அதுவும் நல்லதுதான், நடையிலேயே ஒரு பரிதாபம் வந்துவிடும்.

இஞ்ஞாசி ஃபாதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் ஒரு தடவைகூட என்னைத் திட்டியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. எதைச் சொன்னாலும் "அப்படியா?" என்பார். மேஜையில் எப்போதும் ஒரு பேரிக்காயும் சின்னக் கத்தியும் இருக்கும். நாம் பேசப் பேசத் தோலைச் சீவிக்கொண்டே இருப்பார், தோல் அறுந்துபோகாமல் ஒரே ரிப்பனாக இறங்கும். சீவி முடித்துவிட்டு அவரே தின்றால் நாம் கேட்டதற்குச் சம்மதம். ஒரு துண்டு வெட்டி நம் கையில் கொடுத்தால் இல்லை என்று அர்த்தம். 'இல்லை' என்ற சொல்லே அவர் வாயில் வராது. என் சர்வீஸில் நான் தின்ற பேரிக்காய்க்கு ஒரு தோட்டமே வைத்திருக்கலாம்.

இனி ஈஸ்வரி.

மலைக்குள் இருக்கும் கூக்கால் கிராமத்திலிருந்து வந்தவள். பி.ஏ. முதல் வருடம். நெட்டையாக, ஒல்லியாக, பேச்சில் வெட்டு ஒன்று துண்டு ரெண்டு. ஐயாயிரம் மீட்டர் ஓடுவாள். அவள் ஓடுவதை முதல் தடவை பார்த்த அன்று பி.டி. சார் கையில் ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு அதை நிறுத்த மறந்துபோனார். "அந்தோணி, இந்தப் பிள்ளையை மட்டும் கையில வச்சிக் காப்பாத்திரு. யூனிவர்சிட்டி டீம்ல நிச்சயம் எடுப்பாங்க" என்றார்.

காப்பாற்றுவது என்றால் ஹாஸ்டல் கட்டில். கூக்காலுக்குப் பஸ் குறைச்சல். அங்கிருந்து கிளம்பும் பஸ் கொடைக்கானல் வந்து சேரும்போது காலைப் பயிற்சி முடிந்திருக்கும். சாயந்தரப் பயிற்சி தொடங்கும்போது ஊருக்குத் திரும்பும் பஸ் போயிருக்கும். ஹாஸ்டலில் இருந்தால் ஓடலாம், இல்லாவிட்டால் ஓட்டம் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

விளையாட்டுப் பிள்ளைகளுக்கு இருந்த கட்டில்களில் ஒன்று தனபால் சார் கொடுத்தது. பழைய மாணவர், ரிசார்ட் முதலாளி. கட்டிலின் தலைமாட்டில் அவர் பெயர் பெயின்ட்டில் எழுதியிருக்கும். அந்தக் கட்டிலில் ஈஸ்வரியைப் போட்டோம். கிரவுண்டில் உட்கார்ந்து பார்க்க ஒரு கேலரியும் கட்டித் தருவதாக தனபால் சார் ஃபாதரிடம் சொல்லியிருந்தார்.

சீசன் முடிந்ததும் அவளை விசிட்டுக்குக் கூட்டிப்போனேன். முந்தின நாள் உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். தலையைத் தலையை ஆட்டினாள். ஷூவைக் கொடுத்தேன். அதை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டாள். தலையாட்டினால் புரிந்தது என்று நினைத்தேன் பாருங்கள், அதனால்தான் எட்டாவதைத் தாண்டவில்லை.

ரிசார்ட் ஆபீஸில் டீ வந்தது. தனபால் சார் நல்ல மூடில்தான் இருந்தார்.

"எந்த ஊரும்மா?"

"கூக்கால் சார்."

"அப்பா என்ன பண்றாரு?"

"விவசாயம் சார்."

"கூலிக்குப் போறாரா?"

"இல்ல சார். சொந்தப் பூமி. பூண்டு போட்டிருக்கோம்."

நான் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். விசிட் ஷூவுக்குள் இருந்த விரலில் சரியாகப் பட்டிருக்கவேண்டும். அவள் முகம் சுளிக்கவில்லை, காலை மட்டும் மேஜைக்கு வெளியே நகர்த்திக்கொண்டாள்.

"வீடு?" என்று கேட்டார் தனபால் சார்.

"ஓட்டு வீடா இருந்துச்சு சார். இப்பத்தான் தளம் போட்டோம்."

"அப்ப உனக்கு என்னம்மா கஷ்டம்?"

"கடைசி ரெண்டு ரவுண்டுதான் சார் கஷ்டம். நெஞ்சு அடைச்சிட்டு வரும்."

"அதக் கேக்கலம்மா. வீட்டுல என்ன கஷ்டம்?"

"வீட்டுல கஷ்டம் இல்ல சார். ஊருக்குப் பஸ்தான் இல்ல."

தனபால் சார் டீயை அப்படியே வைத்துவிட்டார். பாதிக்கு மேல் இருந்தது. அவர் பார்வை கீழே இறங்கியது. "சொந்தப் பூமி இருக்கு, தளம் போட்ட வீடு இருக்கு. ஷூ ஏம்மா இப்படிக் கெடக்கு?"

"இது என் ஷூ இல்ல சார். விசிட்டுக்குப் போட்டுக்கனு அண்ணன் குடுத்தாரு."

ஏரிக்கரையில் குதிரை என்னை ஒரு தடவை உதைத்திருக்கிறது. அது எவ்வளவோ தேவலை.

"அந்தோணி" என்றார் தனபால் சார், ரொம்ப மெதுவாக. "நான் ஏழைப் பிள்ளைக்குத்தான் கட்டில் குடுத்தேன்."

"சார், ஓடுற பிள்ளைக்குனுதானே..."

"ஓடுற ஏழைக்கு. பஸ் இல்லாததுக்கெல்லாம் நான் பொறுப்பா? கவர்மென்ட்டைப் போய்க் கேளு."

திரும்பி வரும்போது ஜீப்பில் அவளைப் பிடித்துத் திட்டினேன். "ஏ பிள்ள, உனக்கு வாய்க்குப் பூட்டே கெடையாதா? கொஞ்சம் கண் கலங்கினா என்ன கொறஞ்சா போயிருவ?"

"எதுக்குண்ணே அழணும்? ரேஸ்ல பர்ஸ்ட் வந்ததுக்கா?"

ஜீப் டிரைவர் சிரித்துவிட்டான்.

நாங்கள் காலேஜுக்கு வந்து சேருமுன்னே ரிசார்ட்டிலிருந்து ஃபாதருக்குப் போன் வந்துவிட்டது. ஃபாதர் பேரிக்காயைக் கையில் எடுத்திருந்தார். நான் நின்றுகொண்டே பேசினேன்.

"ஃபாதர், பிள்ளை வெகுளி. உள்ளதைச் சொல்லிட்டா."

"அப்படியா?"

"பி.டி. சார் இந்த மாதிரி ஒரு ஓட்டக்காரியைப் பாத்ததே இல்லைங்கிறாரு ஃபாதர்."

"அப்படியா?" தோல் இறங்கிக்கொண்டிருந்தது.

"கட்டில் காலேஜ்லதானே கெடக்கு ஃபாதர்? பேரு மட்டும்தானே அவரோடது? அதுல யாரு படுக்கணும்னு நாமதானே சொல்லணும்?"

கத்தி ஒரு கணம் நின்றது. தோல் அறுந்தது. அது அறுந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

"அந்தோணி, கேலரி வந்தா எத்தனை பிள்ளைங்க உக்காருவாங்க? ஒரு பிள்ளைக்காக அத்தனை பேரையும் மழையில நிறுத்தச் சொல்றியா? அந்தப் பிள்ளையை அவர்ட்ட போய், தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. அவரு பெரிய மனசுக்காரரு." பிறகு துண்டு வெட்டவில்லை. முழுப் பேரிக்காயையும் என் கையில் கொடுத்தார்.

அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிரவுண்டுக்குப் போனேன். மூடுபனி இறங்கியிருந்தது. ஈஸ்வரி ஓடிக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொன்னால் பி.டி. சார் என்னைக் கொன்றுவிடுவார். கோட்டோரம் நின்று, அவள் என்னைக் கடக்கும்போதெல்லாம் பேசினேன். ஒரு சுற்றுக்கு ஒரு வாக்கியம்.

"ஒரு சோலி இருக்கு. மன்னிப்புக் கேட்டாப் போதுமாம்!" என்று கத்தினேன்.

பனிக்குள் போய் மறைந்தாள். ஒரு சுற்று முடிந்து வந்தபோது, "என்னன்னு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த சுற்றில், "தப்பாச் சொல்லிட்டேன்னு!" என்றேன்.

அதற்கடுத்த சுற்றில், "எது தப்பு? பூண்டா, வீடா?" என்றாள்.

ஒரு முழுச் சுற்று நேரம் எனக்கு யோசிக்கக் கிடைத்தது. கிடைத்து என்ன? "ரெண்டும்தான்!" என்றேன்.

அதற்குப் பிறகு வந்த சுற்றுகளில் காலடிச் சத்தம் மட்டும் நெருங்கி வந்து என்னைத் தாண்டிப் போகும். ஓடி முடித்து, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"எங்கப்பாவும் அம்மாவும் குனிஞ்சு குனிஞ்சு வெளைய வச்ச பூமிண்ணே. அது இல்லைன்னு சொல்லிட்டு வந்து அந்தக் கட்டில்ல எனக்குத் தூக்கம் வருமா?"

"வராதுதான். தூங்காமயாச்சும் இருந்து ஓடு தாயி."

"தூங்காட்டி ஓட முடியாதுண்ணே. பி.டி. சார்ட்ட கேட்டுப் பாருங்க."

அவளுடைய அப்பா வந்தார். சால்வையைத் தலையோடு போர்த்தியிருந்தார், கையில் எங்களுக்காக ஒரு பை மலைப்பூண்டு. மாதா மாதம் ஃபீஸ் கட்டி ஹாஸ்டலில் வைத்துக்கொள்ளலாமே என்று நான்தான் சொன்னேன். அவர் பையைக் கீழே வைத்தார்.

"தம்பி, காசு கட்டித் தங்க வைக்கிற அளவுக்கு எங்கிட்ட இல்ல. இல்லைன்னு சொல்லி வாங்கித் திங்கிற அளவுக்கு நான் ஒண்ணும் இல்லாமப் போகவும் இல்ல. எங்கள மாதிரி நடுவுல உள்ள ஆளுகளுக்கு உங்க காலேஜ்ல கட்டில் இருக்கா?"

நான் வேறு ஆட்களிடம் போகாமல் இல்லை. மண்டிக்காரர் ஒருவர், "பூண்டு வெவசாயி மகளா? எங்கிட்டதானய்யா சரக்குப் போடுறாரு, அவருக்கென்ன கொறச்சல்?" என்றார். டாக்டர் ஒருவர், அப்பா இல்லாத பிள்ளையாக இருந்தால் சொல்லுங்கள் என்றார். அப்பா உயிரோடு இருப்பது ஒரு குற்றம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இத்தனை வருடமாக அவர்களுக்கு அந்த ருசியைக் காட்டியதும் நான்தானே. ஓட்டத்தைக் காட்டியிருந்தால் ஓட்டத்தைக் கேட்டிருப்பார்கள்.

ஈஸ்வரி பெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போய்ப் பார்த்தாள். அவள் வந்து இறங்கும்போது கிரவுண்டில் சுண்ணாம்புக் கோட்டின் மேல் வெயில் வந்திருக்கும், பிள்ளைகள் குளிக்கப் போயிருப்பார்கள். பி.டி. சார் அவளுக்காகத் தனியாக நின்று பார்த்தார். அவள் வகுப்பு கெட்டது, அவர் வகுப்பும் கெட்டது. பல்கலைக்கழக அணிக்கான தேர்வு எங்கள் கிரவுண்டிலேயே நடந்தது, விடிந்ததும் தொடங்கிவிட்டார்கள். ஈஸ்வரியின் பெயரைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்கள். பி.டி. சார் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் வந்தபோது சுண்ணாம்புக் கோடு கலைந்து, ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இறங்கி ஓடிவந்தாள். அவ்வளவு வேகமாக அவள் ஓடி நான் பார்த்ததில்லை. அதற்கு யாரும் நேரம் எடுக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் படிப்பையும் நிறுத்திவிட்டாள்.

கேலரி வந்தது. மூடுபனியில் அதில் உட்கார்ந்தால் ஓடுகிறவர்கள் தெரியமாட்டார்கள். தனபால் சார் பெயர் மட்டும் நன்றாகத் தெரியும், லைட் போட்டிருக்கிறோம்.

கட்டில் ரொம்ப நாள் காலியாகக் கிடந்தது. பிறகு ஃபாதர் சொல்ல, வேறொரு பிள்ளையைக் கண்டுபிடித்துச் சேர்த்தேன். தங்கமான பிள்ளை, நிஜமாகவே கஷ்டப்பட்ட குடும்பம், அதன் மேல் ஒரு குறையும் சொல்லமாட்டேன். விசிட்டில் தனபால் சார் கப்பைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே அதற்குக் கண் நிறைந்துவிட்டது. அவரும் கர்ச்சீப்பை எடுத்தார். ஃபாதர் அன்று பேரிக்காயை அவரே தின்றார்.

நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால், பஸ் ஸ்டாண்டில் ஈஸ்வரியைப் பார்த்தேன். பூண்டு மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. என்னைப் பார்த்ததும், "என்னண்ணே, இன்னும் காலேஜ்லதானா?" என்று சிரித்தாள். நானும் வழக்கம் போல, "என்னை விட்டா யாரு இருக்கா, காலேஜ் இழுத்து மூடிருவாங்கல்ல" என்றேன். பூண்டு விலை கேட்டேன், அப்பாவைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் நன்றாகவே பதில் சொன்னாள். மூட்டையை லோடு வண்டியில் தூக்கிப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கட்டில்ல இப்ப யாருண்ணே இருக்கா?"

"ஒரு நல்ல பிள்ளைதான்."

"ஓடுமா?"

நான் சிரிக்கவைக்கத்தான் சொன்னேன். "ஓடாது. ஆனா நல்லா அழும்."

அவள் சிரிக்கவில்லை. வண்டியில் ஏறி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்க கோச்சிங்தானேண்ணே" என்றாள். டிரைவரைப் பார்த்து, "வெரசா எடுங்க, மண்டி அடைச்சிருவாங்க" என்றாள். வண்டி கிளம்பிவிட்டது.